மண்மேடும் நாற்சில்லு வண்டியும்

நிலத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டியை ஒரு விநாடி நேரம் வானில் பறக்க விடவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு எப்படி வந்தது? குதிரையேறி வேலியைத் தாண்டிய நாளிலேயே அந்த ஆசை பிறந்திருத்தல் கூடும். இயந்திரம் வந்தபின் அது வேறு வடிவம் பெற்றது. 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கம்பர்லிப் பகுதியில் மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் கரடுமுரடான நிலத்திலே பந்தயம் ஓடினர். அங்கு மேடும் பள்ளமும் இயற்கை அமைத்தவை. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர விளையாட்டரங்கிலே மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, மேடுகளை மனிதனே அமைத்துப் பந்தயம் நடத்தினான். அன்று தொட்டு, மேடு கட்டுவதும் தனியொரு கலையாக வளர்ந்து வந்திருக்கிறது.

இக்கலையில் பின்னர் வந்து சேர்ந்ததே நாற்சில்லு வண்டி. இதன் முன்னோடிக்குச் சில்லுகள் மூன்று. பனி மூடிய குளிர்காலத்தில் மோட்டார்ச் சைக்கிள்கள் விலைபோகாத குறையைத் தீர்க்க, யப்பானிய ஹொண்டா நிறுவனத்தார் காற்றுக் குறைந்த பருத்த ரயர்கள் பூட்டிய முச்சில்லு வண்டியை 1970இல் அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பினர். பனிக்கென வந்த வண்டி மணற்குன்றிலும் காட்டுப் பாதையிலும் புகுந்தது. 1980களின் முற்பகுதியில் சுசூக்கி நிறுவனத்தார் நான்கு சில்லுகள் கொண்ட வண்டியை வெளியிட்டனர். 1985இல் அவர்களே பந்தயத்துக்கேற்ற விசைமிக்க வண்டியொன்றைக் கொணர, ஹொண்டாவும் யமஹாவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அவ்வழியே சென்றன.

விளையாட்டு பெருகியது, விபத்தும் பெருகியது. முச்சில்லு வண்டி திரும்பும்போது எளிதிற் கவிழ்ந்தது. காயமுற்றோரிலும் உயிரிழந்தோரிலும் சிறுவர் பலர் இருந்தனர். ஈற்றில், 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே நீதிமன்ற உடன்பாடு ஏற்பட்டது. புதிய முச்சில்லு வண்டிகளின் விற்பனை நின்றது. 90 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இயந்திரமுள்ள வண்டியைப் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஓட்டலாகாது என்ற எச்சரிக்கையும், வாங்குவோர்க்குப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் வந்தன. மேடு தாண்டுவோர் இவ்வரலாற்றை மறத்தல் தகாது.

இனி, மேட்டைக் கட்டும் முறையைப் பார்ப்போம். பழகுவோனுக்கு உகந்தது மேசை வடிவ மேடு. ஏறுமுகம் ஒருபுறம், இறங்குமுகம் மறுபுறம், இரண்டுக்கும் இடையே தட்டையான மேற்பரப்பு. இதுவே அதன் அமைப்பு. எதிரெதிரே இரு மேடுகளை எழுப்பி நடுவே பள்ளம் விடும் முறையும் உண்டு. அது தேர்ந்தவர்க்கே உரியது. மேசை மேட்டில் வேகம் போதாமற் குறுகிப் பாய்ந்தவன் தட்டையான மண்ணில் வீழ்ந்து, ஓர் அதிர்ச்சியோடு தப்பி விடுவான். இரட்டை மேட்டில் அவ்வாறு குறுகியவனுடைய முன்சில்லு, அடுத்த மேட்டின் நெற்றியிற் சென்று மோதும். அங்கே பிழைக்கு மன்னிப்பு இல்லை.

ஒரு மீற்றர் உயரமும், மூன்று மீற்றர் அகலமும், மூன்று மீற்றர் ஏறுமுகமும், நான்கு மீற்றர் மேற்பரப்பும், நான்கு மீற்றர் இறங்குமுகமும் கொண்ட மேட்டுக்கு 22 கன மீற்றருக்கு மேல் மண் வேண்டும். அதன் நிறை முப்பது தொன்னையும் கடக்கும். ஆதலின், முதலில் முழங்காலளவு மேடு கட்டிப் பழகுவதே அறிவுடைமை. களிமண் கலந்த மண் நல்லது; வெறும் மணல் நில்லாது. ஒரு சாண் மண் இட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்கிய பின்னரே அடுத்த படை இடல் வேண்டும். ஒரே நாளிற் குவித்த மண் மேலே உறுதியாய்த் தோன்றினும் உள்ளே பொருக்காய் இருக்கும். பாரமான வண்டி ஏறியதும் இடிந்துவிடும்.

நாற்சில்லு வண்டிக்கு மேடு கட்டுவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். மோட்டார்ச் சைக்கிள் ஒற்றைக் கோட்டிலே செல்வது. ஏறுமுகத்தின் ஓரம் சிறிது சரிந்திருந்தாலும் அதற்கு இடர் குறைவு. நாற்சில்லு வண்டிக்கோ இடமும் வலமும் சில்லுகள் உள. மேட்டின் விளிம்பு ஒருபக்கம் தாழ்ந்திருப்பின், அல்லது ஒருபக்கம் சில்லுத்தடம் பள்ளமாயிருப்பின், வண்டி சரிந்தபடியே வானில் எழும். நிலத்தில் தொடங்கிய அச்சரிவை வானில் நிறுத்துவது அரிது. ஆகவே விளிம்பைக் குறுக்கே மட்டம் பார்த்துத் திருத்துவதும், ஒவ்வொரு நாளும் தடங்களை நிரவுவதும் இன்றியமையாத வேலைகள்.

இறங்குமுகம் எதற்கு? மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், 20 பாகை சரிவிலிருந்து எழும் வண்டி, அதே மட்டத்தை மீண்டும் அடையும்போது ஏறக்குறைய எட்டு மீற்றர் தூரம் கடந்திருக்கும். வானில் நிற்கும் காலம் முக்கால் விநாடிக்குச் சற்று மேல். அது தட்டையான நிலத்தில் வீழ்ந்தால், முக்கால் மீற்றர் உயரத்திலிருந்து நேரே போட்டதற்கு ஒப்பான அடி விழும். பாதையின் சாய்வுக்கிணங்கச் சரிந்த மண்ணில் இறங்கினாலோ, அவ்வடியின் பெரும்பகுதி மறைந்துபோகும். இன்னொன்று: வேகம் 40இலிருந்து 50 ஆகுமானால் தூரம் எட்டு மீற்றரிலிருந்து பன்னிரண்டரை மீற்றருக்கு மேல் நீளும். வேகம் காற்பங்கு கூடத் தூரம் அரைப்பங்குக்கு மேல் கூடுகிறது. 'இன்னும் சிறிது வேகம்' என்ற எண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை இக்கணக்கே காட்டும்.

பழகுவோன் முதலிற் பாய்தல் கூடாது. மேட்டின் மீது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கிப் பலமுறை உருளட்டும். பின்னர் ஒவ்வொரு தடவையும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டட்டும். இருக்கையை விட்டெழுந்து, மிதிதட்டில் நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, உடலை வண்டியின் நடுவே நிறுத்தி, நேராக மேட்டை அணுகுதல் வேண்டும். பெருவிரலால் அழுத்தும் வேகநெம்பை விளிம்பு கடக்கும்வரை ஒரே சீராக வைத்திருத்தல் வேண்டும். புதியவன் செய்யும் பெரும்பிழை யாதெனில், விளிம்பை அடைந்ததும் அஞ்சி நெம்பை விட்டுவிடுவதே. அப்போது வண்டியின் மூக்குத் தாழ்ந்து, முன்சில்லு முதலில் மண்ணைக் குத்தும்.

வானிலும் ஓட்டுவோன் முற்றாகக் கையற்றவன் அல்லன். சில்லுகள் விரைந்து சுழன்றால், அதற்கு எதிர்வினையாக வண்டியின் உடல் பின்னோக்கித் திரும்பி மூக்கு உயரும். பிறேக்கை அழுத்திச் சில்லை நிறுத்தினால் மூக்குத் தாழும். பௌதிகவியலார் இதனைக் கோண உந்தத்தின் காப்பு என்பர். எனினும், இது சிறு திருத்தத்துக்கு உதவுமேயன்றி, தவறாகத் தொடங்கிய பாய்ச்சலைச் சரியானதாக்கி விடாது. நான்கு சில்லும் இறங்குமுகத்தில் ஒருங்கே பதிய, மடங்கிய கால்கள் எஞ்சிய அதிர்ச்சியைத் தாங்க, நெம்பைச் சிறிது அழுத்தி முன்னே செல்வதுதான் நல்ல முடிவு.

தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, மார்புக் காப்பு, உயர்ந்த காலணி ஆகியவை இன்றி மேட்டை நெருங்குதல் கூடாது. தனியே பழகுதலும் கூடாது. ஏறக்குறைய 170 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மேலே கவிழ்ந்தால், அதைத் தூக்குவதற்கு இன்னொருவர் அருகில் நிற்கவேண்டும். நிலத்துக்குரியவர் இசைவும், அயலார் அமைதியும் மதிக்கப்படல் வேண்டும்.

பாய்ச்சல் முக்கால் விநாடியில் முடிந்துவிடுகிறது. அதற்கான உழைப்போ பல நாள். மண்ணை அள்ளி, நனைத்து, இடித்து, மட்டம் பார்த்தவன் அம்மேட்டின் ஒவ்வொரு சரிவையும் அறிவான்; எவ்வளவு வேகம் போதும் என்பதையும் அறிவான். பிறர் கட்டிய மேட்டில் அவசரமாக ஏறுபவனுக்கு அவ்வறிவு கிட்டுவதில்லை. மண்வெட்டி பிடித்துப் பொறுமை கற்ற கையே, வண்டியின் கைபிடியையும் நடுங்காமற் பிடிக்கும்.