கசவும் சர்க்யூட்டும்: வளையும் பரப்பில் உலோகக் கோடு

இந்த விழிஞ்ஞக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சில கிலோமீட்டர் போனால் பலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். திவான் உம்மிணித் தம்பி இந்தக் கடற்கரையைத் துறைமுகமாகவும் அந்த ஊரை வணிகப் பேட்டையாகவும் வளர்க்க முனைந்தார். நெசவுக்கென்று தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. அவர் நினைத்த துறைமுகம் 2025 மே 2 அன்றுதான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சாலியர் தெருக்களில் குழித்தறி மட்டும் அவர்கள் குடியேறிய காலத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது.

வளையும் மின்சுற்றுகளைப் பற்றிய சொற்பொழிவில் தறிக்கு என்ன வேலை என்று அவையில் சிலர் நினைக்கலாம். அங்கே நெய்யும் கசவு முண்டின் சரிகைக் கரையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அசல் சரிகையில் நடுவே ஒரு பட்டு இழை. அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். வெளியே மெல்லிய தங்க முலாம். இழுவிசையைத் தாங்குவது பட்டு, மின்சாரத்தைக் கடத்துவது வெள்ளி. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரே சரிகை இழையில் வைத்தால் ‘பீப்’ என்று ஒலிக்கும். அருகில் இருக்கும் பருத்தி இழையில் ஒலிக்காது.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் முதலியோர் துணியில் கணினி செய்யப் புறப்பட்டபோது எடுத்துக்கொண்டது, இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்படும் சரிகைப் பட்டுத் துணியைத்தான். உலோகம் சுற்றிய இழைகள் ஒன்றையொன்று தொடாமல் இணையாக ஓடுவதால், துணியின் ஒரு கீற்றையே பட்டைக் கேபிளாகப் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். இரண்டு சரிகைத் துணிகளுக்கு நடுவே நைலான் வலையை வைத்து, அழுத்திய இடத்தில் மட்டும் தொடர்பு ஏற்படும்படி ஒரு விசைப்பலகையும் செய்தார்கள். 2000இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

தொழிற்சாலை போன வழி வேறு. வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த பால் ஐஸ்லர், அச்சுத்தொழில் அறிந்த பொறியாளர். 1936 வாக்கில் வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளுக்குப் பதிலாக அச்சிட்ட உலோகக் கோடுகளை வைத்துக் காட்டினார். வளையும் சுற்றுகளும் இன்று பெரும்பாலும் அந்த வழியில்தான் பிறக்கின்றன. பாலிஇமைடு என்ற தேன்நிறப் படலத்தின்மேல் செம்புத் தகடு. அதன்மேல் ஒளிபட்டால் தன்மை மாறும் பூச்சு. கோடுகளின் படத்தை வைத்துப் புறஊதா ஒளி பாய்ச்சி, தேவையற்ற பூச்சைக் கழுவி, பிறகு ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலில் அமிழ்த்துகிறார்கள். மூடப்படாத செம்பு கரைந்துபோகும். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ‘ஸ்ட்ரிப்’ என்று கேட்டால் எடுத்துத் தரும் பட்டை இப்படி உருவானதுதான். துறைமுகத்துக்கு வரும் லாரிகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லைக்குள் இருக்கும் ஆன்டெனாவும் பெரும்பாலும் அலுமினியத் தகட்டை அரித்துச் செய்ததே.

கோடு துல்லியமாக வரும், உறுதியாக ஒட்டும், அதில் குறையில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய உலோகத்தின் பெரும்பகுதி கரைசலுக்குள் போய்விடுகிறது. அதை மீட்கவும் கழிவைச் சுத்தம் செய்யவும் இன்னொரு ஆலை வேண்டும். சிறு தொழில்முனைவோர் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே, தேவைப்படும் இடத்தில் மட்டும் உலோகத்தை வைக்கும் முறைகள் வந்தன. வெள்ளி மையைத் திரை அச்சில் தள்ளுவது பழைய முறை. விசைப்பலகைகளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள்களில் இதைப் பார்க்கலாம். வெள்ளி 961 டிகிரியில்தான் உருகும். பாலியஸ்டர் தாளோ 150 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கத் தொடங்கிவிடும். இந்த இடைவெளியைக் கடக்க நானோ துகள்கள் உதவுகின்றன. துகள் அவ்வளவு சிறிதாகும்போது, உருகுநிலைக்கு வெகு கீழேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகிவிடுகிறது. செம்பு மலிவு, ஆனால் காற்றுபட்டதும் ஆக்சைடாகும். அதனால் கண்ணிமைக்கும் நேரத்துக்கு வலுவான ஒளியைப் பாய்ச்சி அதைச் சூடாக்குகிறார்கள்.

ஹார்வர்டில் அமித் குமாரும் ஜார்ஜ் வைட்சைட்ஸும் 1993இல் வெளியிட்ட முறை அரிப்பையே பயன்படுத்தினாலும் இன்னும் எளிமையானது: ரப்பர் முத்திரை. சிலிகோன் முத்திரையில் கந்தகம் கொண்ட ஒரு சேர்மத்தைத் தடவித் தங்கத்தின்மேல் ஒற்றினால், ஒரே மூலக்கூறு தடிமனுள்ள படலம் ஒட்டிக்கொள்ளும். அரிக்கும் கரைசலிலிருந்து அதன் கீழிருக்கும் தங்கத்தைக் காக்க அந்தப் படலமே போதும்.

கோடு போட்டாயிற்று, வளைத்தால் உடையாதா? கணக்கு எளிது. 0.1 மி.மீ. தடிமனுள்ள பட்டையை 5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு ஒரு விழுக்காடு இழுபடும். தடிமனைப் பாதியாக்கினால் இழுவையும் பாதி. நடுத்தளத்தில் இழுவையும் இல்லை, அமுக்கமும் இல்லை. எனவே மேலே இன்னொரு படலத்தை ஒட்டி உலோகத்தை நடுவுக்குக் கொண்டுவருவது நல்ல வடிவமைப்பாளரின் முதல் வேலை. மின்பூச்சில் வளர்த்த செம்பைவிட உருட்டித் தட்டையாக்கிய செம்பு அதிக வளைவுகளைத் தாங்கும். தோலில் ஒட்டும் சுற்றுகளுக்கு இதுவும் போதாது. 2011இல் ஜான் ரோஜர்ஸ் குழு அவற்றில் உலோகத்தை நெளிநெளியாக ஓடவிட்டது.

வளைவைத் தாங்குவது பாதிச் சோதனை. இன்னொரு பாதி விழிஞ்ஞத்துக் காற்றில் இருக்கிறது. ஈரத்தில், மின்னழுத்தம் உள்ள இரண்டு வெள்ளிக் கோடுகளுக்கு நடுவே வெள்ளி அயனிகள் நகர்ந்து, செடிபோல் கிளைத்து, இரண்டையும் இணைத்துவிடும், சுற்று பழுதாகும். உப்பு சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கும். குளிரூட்டிய அறையில் ஆயிரக்கணக்கான முறை வளைத்துக் காட்டிய பட்டை, படகில் ஒரு மழைக்காலத்தைக் கடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

வளையும் மின்னணுவியலுக்கு கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. பொருளறிவியல் ஆய்வுக்குப் பாப்பனங்கோட்டில், இங்கிருந்து ஒரு சிறு பயணத் தொலைவில், சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் இருக்கிறது. இவர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் தங்கள் மாதிரிகளை இந்தத் துறைமுகச் சுவரில் ஓராண்டு தொங்கவிட்டு, மாதாமாதம் மின்தடையை அளந்து, முடிவுகளை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். அந்த அட்டவணை இல்லாமல் கடலோர மீனவருக்கு உடலில் அணியும் எந்தக் கருவியையும் விற்க வரக்கூடாது.