படகு, கரை, சந்தை
(பொதுக்காலம் 16-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் இயேசு தம் திருத்தூதர்களை ஓய்வெடுக்க அழைக்கிறார். அவர்கள் பணிக்குச் சென்று திரும்பியிருக்கிறார்கள். சாப்பிடக்கூட நேரமில்லாதபடி ஆள்கள் வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள். களைத்துப்போன அவர்களைத் தனிமையான ஓரிடத்திற்கு அவரே கூட்டிச் செல்கிறார். எனவே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் வெளியே போய்வருவதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. நாம் ஓய்வெடுப்பது ஆண்டவரின் விருப்பமும்கூட.

ஆனால், அவர்கள் படகில் போய்ச் சேர்வதற்குள் மக்கள் கரைவழியே ஓடி முந்திக்கொள்கிறார்கள். இயேசு எரிச்சலடையவில்லை, ஆயன் இல்லாத ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மேல் பரிவு கொள்கிறார். மாற்கு நற்செய்தியின் இதே 6-ஆம் அதிகாரம் முடியும்போது அவரைச் சந்தைவெளிகளில் பார்க்கிறோம். நோயாளிகளை அங்கே கிடத்தி, அவரது ஆடையின் ஓரத்தையாவது தொட விடும்படி மக்கள் கெஞ்சுகிறார்கள். ஓய்வுக்கென்று படகு ஏறியவரை நாம் ஏழைகளின் சந்தையில் சந்திக்கிறோம்.

இன்று நாமும் மனத்தளவில் ஒரு படகில் ஏறுவோம். நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் அத்தித்லான் என்றொரு ஏரி. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், எரிமலை வெடித்து உண்டான பள்ளத்தில் நிறைந்திருக்கும் ஆழமான ஏரி அது. அதன் தென்கரையில் மூன்று எரிமலைகள் நிற்கின்றன. விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் பனஹாச்செல் என்ற ஊரில் படகு ஏறி, எதிர்க்கரையில் உள்ள சந்தியாகோ அத்தித்லான் சந்தைக்குப் போகிறார்கள். காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. பிற்பகலில் ஷொகோமில் என்னும் காற்று எழும்பி ஏரியை அலைக்கழிக்கும். பாவங்களை வாரிக்கொண்டு போகும் காற்று என்று அந்தப் பெயருக்கு அவ்வூர் மக்கள் பொருள் சொல்கிறார்கள்.

சந்தியாகோ என்றால் புனித யாக்கோபு. செபதேயுவின் மகன், கலிலேயக் கடலில் வலை வீசியவர், இன்றைய நற்செய்தியின் படகில் இருந்தவர். அவர் பெயரைத் தாங்கிய ஊரில்தான் நாம் இறங்குகிறோம்.

சந்தையில் தக்காளி, வெண்ணெய்ப்பழம், மக்காச்சோளம், அவரைவிதை, ஏரி மீன் எல்லாம் தரையில் விரித்த துணிமேல் குவிந்திருக்கும். பறவைகளைப் பூத்தையலிட்ட மேலாடைகளும் விற்பனைக்குத் தொங்கும். மாயா இனப் பெண்கள், தறியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையைத் தங்கள் இடுப்பிலும் கட்டிக்கொண்டு நெய்தவை அவை. ஓர் ஆடைக்குப் பல வாரங்கள், சிலவேளைகளில் மாதங்கள்கூடப் பிடிக்கும். அதைத்தான் பாதி விலைக்குக் கேட்டு, கிடைத்துவிட்டால், "நன்றாகப் பேரம் பேசினோம்" என்று நாம் மகிழ்ந்துகொள்கிறோம்.

அந்த நாட்டின் 25 சென்டாவோ நாணயத்தில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. நீண்ட நாடாவை ஒளிவட்டம்போலத் தலையில் சுற்றிய, இதே ஊர்ப் பெண்ணின் முகம். நாணயத்தைக் காட்டி, இதில் இருப்பது யாருடைய உருவம் என்று இயேசு ஒருமுறை கேட்டார். மீதிச் சில்லறையை வாங்கும் நம்மிடமும் அவர் அதையே கேட்கலாம். நாணயத்தில் இருக்கும் முகம், நம் எதிரே தரையில் உட்கார்ந்து விற்கும் பெண்ணின் முகத்தைப் போன்றது. அவரோ கடவுளின் உருவில் படைக்கப்பட்டவர்.

சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே புனித யாக்கோபு ஆலயம். அதையொட்டிய பங்கு இல்லத்தில் 1981 ஜூலை 28 அதிகாலையில் ஒரு பங்குத்தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தான் அருளாளர் ஸ்டான்லி ரோதர். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இலத்தீன் வராததால் ஒரு குருமடத்திலிருந்து வெளியேற நேர்ந்தவர். 1968-இல் இந்த ஏரிக்கரைக்கு வந்து, மக்கள் பேசும் சுதுஹில் மொழியைக் கற்றார். புதிய ஏற்பாட்டை அம்மொழிக்குக் கொண்டுவரும் பணியிலும் பங்கேற்றார். வயலில் உழவர்களோடு சேர்ந்து உழைத்தார். மக்கள் அவரைத் தங்கள் மொழியில் 'பாத்ரே அப்லாஸ்' என்றழைத்தார்கள்.

உள்நாட்டுப் போரில் மறைக்கல்வி ஆசிரியர்கள் கடத்தப்பட்டார்கள். இப்போது நாம் வானொலியில் பேசுவதுபோல அங்கும் ஒரு வானொலி பேசிக்கொண்டிருந்தது. அதன் இயக்குநரும் 1980-இல் கடத்தப்பட்டார். கொலைப்பட்டியலில் தம் பெயரும் இருப்பதை அறிந்து, 1981 ஜனவரியில் ரோதர் தாய்நாடு திரும்பினார். பெற்றோரின் பண்ணையில் பாதுகாப்பாக இருந்தார். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால், புனித வாரத்தைத் தம் மக்களோடு கொண்டாடத் திரும்பி வந்தார். மூன்று மாதங்களில் கொல்லப்பட்டார். வயது 46. அவரது உடல் ஓக்லஹோமாவுக்குப் போனது. மக்கள் கேட்டுக்கொண்டபடி, அவரது இதயம் அந்த ஆலயத்திலேயே வைக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 23 அன்று திரு அவை அவரை அருளாளராக உயர்த்தியது.

அன்பார்ந்தவர்களே, இயேசு ஓய்வுக்குப் போனார். வழியில் வந்தவர்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ரோதரும் விலகி இருந்தார். தம் மக்களை மறந்துவிடவில்லை. அவரைப்போல உயிரைக் கொடுக்க நம்மில் பலருக்கு அழைப்பு வராமல் போகலாம். ஆனால், நம் சிறிய பயணங்களிலேயே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. குடும்பமாகப் போகும் சுற்றுலாவில் அம்மாவுக்கு ஓய்வு உண்டா? விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டி, மாலையில் வந்து பாத்திரம் துலக்குவது அவர் மட்டும்தானா? "நடக்க முடியாது" என்று பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோமே, திரும்பியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்கிறோமா? கடையில் கேட்ட விலைக்கு ஒரு சொல்லும் சொல்லாத நாம், தெருவோரத்தில் கீரை விற்பவரிடம் மட்டும் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்வது ஏன்?

அடுத்த முறை நாம் ஒரு சந்தைக்குப் போகும்போது, பொருளைப் பார்ப்பதற்குமுன் விற்பவரின் முகத்தைப் பார்ப்போம். உரிய விலையைக் கொடுப்போம். பேருந்தில் ஏறுமுன் வீட்டில் இருப்பவரை நினைப்போம்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் ஓய்வை ஆசீர்வதியும். உம் தூய ஆவியாரின் காற்று எங்கள் பாவங்களை வாரிக்கொண்டு போவதாக. நாங்கள் எந்தக் கரையில் இறங்கினாலும், அங்கே காத்திருப்பவர்களை உம் கண்களால் காணும் வரம் தாரும். ஆமென்.