உழவர் கேள்விக்கு விடை தரும் சாட்பாட்

(உழவர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரை)



கைப்பேசியில் ஒரு கேள்வியை எழுதி அனுப்பினால், மறுமுனையில் ஆள் இல்லாமலே விடை வந்து சேர்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இவ்வாறு விடை தரும் கணினி நிரலுக்குச் 'சாட்பாட்' என்று பெயர். இது நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 1966-ஆம் ஆண்டிலேயே 'எலிசா' என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். நம் நாட்டில் பி.எம். கிசான் திட்டம் பற்றிய ஐயங்களுக்கு விடை கூற, 'கிசான் இ-மித்ரா' என்ற சாட்பாட்டை மத்திய அரசு 2023-ஆம் ஆண்டில் கொண்டுவந்தது.

பயிர்ப் பாதுகாப்பு, உர அளவு போன்றவற்றுக்கு விடை தரும் சாட்பாட்டை எவ்வாறு கட்டுகிறார்கள் என்பதை இன்று விளக்க விரும்புகிறேன். இது கணினி வல்லுநர் மட்டும் செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று. கேள்வி கேட்கும் உங்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

கருவித்தொகுப்பு

சாட்பாட்டை அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் மென்பொருள் கருவித்தொகுப்புகள் உள்ளன. அவற்றுள் 'ராஸா' என்பது ஒன்று. ஜெர்மனியின் பெர்லின் நகரில் தொடங்கப்பட்டது. பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. இதன் திறந்த மூலப் பதிப்பு அப்பாச்சி உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது.

திறந்த மூலம் என்பதை விதையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். வீரிய ஒட்டு விதையைப் பருவந்தோறும் விலைக்கு வாங்க வேண்டும். சாதாரண இரக விதையையோ நாமே எடுத்து வைத்து விதைக்கலாம். பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம். திறந்த மூல மென்பொருளும் அத்தகையதே. கட்டணமின்றி எடுத்து, நம் தேவைக்கேற்பத் திருத்தி, நம்முடைய கணினியிலேயே ஓட்டலாம். உழவர் கேட்ட கேள்விகளும் நம்மிடமே தங்கும்.

கட்டும் முறை

இதில் நான்கு படிகள் உள்ளன.

1. நோக்கம்: கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று பிரித்தறிதல். உர அளவா, பூச்சியா, நோயா, விதை இரகமா என்பது போன்றது. ஒவ்வொரு நோக்கத்துக்கும் பத்து, இருபது எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொடுத்துத் தொடங்கலாம். கூடக்கூட நல்லது.

2. விவரம்: வாக்கியத்துக்குள் இருக்கும் பயிர், வயது, பரப்பு ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்தல்.

3. உரையாடல் ஒழுங்கு: எந்தக் கேள்விக்குப் பின் எதைக் கேட்பது, எப்போது விடை கூறுவது என்பதை வரையறுத்தல்.

4. செயல்: கணக்குப் போடுதல், பட்டியலில் தேடுதல் போன்ற வேலைகள். இவற்றைப் பைத்தானில் சிறு சிறு நிரல்களாக எழுதி இணைக்க வேண்டும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. நெல்லுக்கு, நெல்லில், நெல்லை என்று சொல் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, சொல்லை முழுதாக மட்டும் பாராமல், எழுத்துத் துண்டுகளாகவும் பிரித்துப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அப்போது 'நெல்' என்ற பகுதி எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதைக் கருவி பிடித்துக்கொள்ளும்.

உழவர் சொல்லே விதை

எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் புத்தக நடையில் எழுதினால் பயனில்லை. 'தண்டுத் துளைப்பான் தாக்குதலைக் கட்டுப்படுத்துவது எப்படி?' என்று யாரும் வயலில் நின்று கேட்பதில்லை. 'நடுக்குருத்து காஞ்சு போச்சு, இழுத்தா கையோட வருது' என்றுதான் கேட்பீர்கள். புகையானுக்கு 'பயிர் வட்டம் வட்டமா கருகிச் சாயுது' என்பீர்கள். ஆனைக்கொம்பனுக்கு 'குருத்து வெங்காயத்தாள் மாதிரி வருது' என்பீர்கள். இந்தச் சொற்களைக் கருவிக்குக் கொடுத்தால்தான் அது உங்களை விளங்கிக்கொள்ளும்.

விதைக்கும் முன் முளைப்புத் திறன் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, திரட்டிய வாக்கியங்களில் ஐந்தில் ஒரு பங்கைக் கருவிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். பிறகு அவற்றைக் கேட்டு, எத்தனைக்குச் சரியாகப் பொருள் கொள்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேறாத நோக்கத்துக்கு மேலும் வாக்கியங்கள் தேவை என்று பொருள்.

திருப்பிக் கேட்டல்

'நெல் மஞ்சளா இருக்கு, என்ன போடலாம்?' என்ற கேள்விக்கு உடனே விடை கூறும் சாட்பாட் ஆபத்தானது. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலைகள் வெளிறும். துத்தநாகம் குறைந்தால் நட்ட சில வாரங்களில் இலையில் துரு நிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் திட்டுத் திட்டாகக் குன்றும். துங்ரோ நச்சுயிரி நோயானால் இலை மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ மாறிப் பயிர் குட்டையாகும். இந்நோயைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது.

துங்ரோ வந்த வயலுக்கு யூரியா போடச் சொன்னால் உரச் செலவு வீண். நோய் தணியாது; பூச்சியும் பரவிக்கொண்டே இருக்கும். எனவே, 'மஞ்சள் கீழ் இலையிலா, இளம் இலையிலா? நட்டு எத்தனை நாள்? பயிர் குட்டையாக உள்ளதா?' என்று கேட்டு, விடைகளைப் படிவம் போல நிரப்பிக்கொண்ட பின்பே கருவி மேலே செல்ல வேண்டும். ராஸாவில் இதற்கென்றே படிவ வசதி உண்டு.

பரப்பும் அளவும்

பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் இருக்கின்றன. நீங்கள் ஏக்கரில் கேட்பீர்கள். தஞ்சைப் பகுதியினர் மாக் கணக்கில் கேட்பார்கள். அங்கே 100 குழி ஒரு மா; ஏறத்தாழ 33 சென்ட். நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோ என்றால், ஏக்கருக்கு 10 கிலோ, மாவுக்குச் சுமார் 3.3 கிலோ ஆகும். மா என்ற சொல்லை அறியாத கருவி 25 கிலோ என்றே சொல்லிவிட்டால், அது ஏழரை மடங்கு! மருந்தில் இப்பிழை நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, பரப்பைத் திரும்பச் சொல்லி, 'சரிதானா?' என்று கேட்டுக்கொண்ட பிறகே அளவைக் கூறும்படி அமைக்க வேண்டும்.

தெரியாது என்று சொல்லப் பழக்குதல்

ஒவ்வொரு கேள்விக்கும் கருவி தன் முடிவில் எவ்வளவு உறுதி என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு இடும். நாம் ஓர் எல்லையை, எடுத்துக்காட்டாக 0.7 என்று, வைத்துவிடலாம். மதிப்பு அதற்குக் குறைந்தால், 'எனக்கு விளங்கவில்லை. வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்' என்று சொல்லி ஒதுங்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கும் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணையும் அவ்விடத்தில் காட்டலாம்.

இப்போது பெரிய மொழி மாதிரிகளைக் கொண்ட சாட்பாட்டுகள் வந்துள்ளன. அவை சரளமாகப் பேசுகின்றன. ஆனால், இல்லாத அளவையும் அதே சரளத்தோடு சொல்லிவிடக்கூடும். ஆதலால், மருந்து, உர அளவுகளைச் சரிபார்த்த பட்டியலிலிருந்து மட்டுமே எடுத்துத் தரும்படி அமைப்பது நலம்.

அந்தப் பட்டியலிலும் கவனம் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. அதற்கு முன் அச்சான கையேடுகளை அப்படியே கருவிக்குக் கொடுத்தால், தடைப்பட்ட மருந்தை அது இன்றும் பரிந்துரைக்கும். எனவே, ஒவ்வொரு விடைக்கும் சரிபார்த்த தேதி இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன் பட்டியலைத் திருத்த வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டுவன

1. உங்கள் பகுதியில் பூச்சி, நோய், களை, அளவு ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களை எழுதி, உங்கள் ஊர் வேளாண்மை அலுவலரிடமோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள்.

2. சாட்பாட்டைக் கேட்கும்போது பயிர், இரகம், நட்ட நாள், பரப்பு ஆகியவற்றைச் சேர்த்தே சொல்லுங்கள்.

3. அது திருப்பிக் கேட்டால் சலிப்படையாமல் விடை கூறுங்கள்.

4. சொன்ன அளவை மருந்துக் கலனின் மேலுள்ள விவரச் சீட்டோடு ஒப்பிடாமல் தெளிக்க வேண்டாம்.

5. விடை தவறென்று கண்டால் சொல்லுங்கள். அத்தவறான கேள்வியும் அதற்குரிய சரியான விடையும்தான் கருவிக்கு அடுத்த பாடம்.

வயலில் நீங்கள் கண்டறிந்து வைத்த சொற்களும் குறிப்புகளும் எந்தக் கணினியிலும் இல்லை. அவற்றை வழங்கி, உங்கள் பேச்சை விளங்கிக்கொள்ளும் சாட்பாட் உருவாகத் துணை நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.