பழைய உலாவியும் புதிய பக்கமும்



திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு டெக்னோபார்க் தோன்றியது. அங்கே கணினித் தொழில் செய்வோரில் நம்மவரும் உளர். இணையப் பக்கங்களை அமைப்போர்க்கு எழும் வினா ஒன்றை இன்று ஆராய்வோம். வழக்கொழிந்து வரும் பழைய உலாவிகளுக்கும் இடமளித்துப் பக்கங்களை அமைத்தல் வேண்டுமா?

கேரள நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மலையாளத்தில் சொல்லின் ஈற்றில் வரும் ன், ர், ல் முதலிய ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் உள்ளன. அவற்றைச் சில்லெழுத்து என்பர். முன்னர்ப் பல குறிகளைச் சேர்த்து இவற்றை எழுதினர். 2008இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வழங்கியது. புதிய முறை நல்லதே. ஆயினும் அவ்வெழுத்துரு இல்லாத பழைய கணினியில் 'அவன்' என்னும் சொல்லின் ஈற்றெழுத்து வெறுங்கட்டமாகத் தோன்றியது. படிப்பவர் குற்றம் அதில் யாதும் இல்லை.

பழைய உலாவியை வைத்திருப்போர் எல்லாம் பிடிவாதக்காரர் அல்லர். 2017இல் வந்த ஜியோபோனின் உலாவி, 2016ஆம் ஆண்டின் பயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதனை வாங்கிய எளியவர் வேறு உலாவிக்கு மாற எண்ணினும் வழி அரிது.

எல்லாப் பழைய கருவிகளிலும் ஒரே அழகு தோன்றச் செய்வது பெருஞ்செலவு என்பர். அஃது உண்மையே, அவ்வாறு செய்ய வேண்டுவதும் இல்லை. உலாவி தான் அறியாத அலங்காரக் கட்டளையைக் கண்டால் அதனைத் தாண்டிச் சென்று உரையைக் காட்டிவிடும். ஆனால் உரையையே ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் வரவழைத்தால், நிரலில் ஒரு தொடர் விளங்காவிடினும் பக்கம் முழுதும் வெறுமையாகலாம். எனவே உரையை முதலில் நேரே அளித்து, அலங்காரத்தைப் பின்னர்ச் சேர்ப்பதே முறை.

பணம் செலுத்தும் பக்கத்தின் நிலை வேறு. பழைய மறையீட்டு முறைகள் பாதுகாப்பற்றவை என்று கண்டு, அட்டைக் கட்டண விதிகள் 2018 ஜூன் 30க்குள் அவற்றைக் கைவிடச் செய்தன. அங்கே பழைய உலாவியை மறுப்பது பயனாளரைக் காப்பதேயாகும். மறுக்கும்போது காரணத்தையும் மாற்று வழியையும் எளிய மொழியில் சொல்லுதல் வேண்டும்.

குடும்ப அட்டை பற்றிய அறிவிப்பு, தேர்வு முடிவு, மழை எச்சரிக்கை ஆகியவை அனைவர்க்கும் உரியவை. ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவர் கையில் இருப்பது பழைய கருவியாயினும், அச்செய்தி அவரை அடைதல் வேண்டும். வடிவமைப்போர் தம் பக்கத்தைப் பழைய கைப்பேசி ஒன்றிலும் ஒருமுறை திறந்து பார்ப்பாராக.