மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள்

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, ஏதாவது விடுதிக் கதை சொல்லு" என்றுதான் செயலாளர் கேட்டுக்கொண்டார். விடுதிக் கதைகள் பந்தியில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். நான் பேச வந்தது மருந்து அலமாரியைப் பற்றி. ரிட்டயர் ஆகியும் இவள் ஸ்டாக் ரெஜிஸ்டரை விடமாட்டாளா என்று என் பேட்ச் தோழிகள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

1986-ஆம் ஆண்டு. இருபது படுக்கை கொண்ட ஒரு நர்சிங் ஹோமில் எனக்கு இரவுப் பணி. குடல்வால் ஆபரேஷன் முடிந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஆம்பிசிலின் போட வேண்டும். கரண்ட் போய்விட்டது. பயிற்சிக்கு வந்திருந்த நம் கல்லூரி மாணவி டார்ச் பிடிக்க, நான் வழக்கமான பிஸ்கட் டப்பாவில் கைவிட்டு, ஸ்டெரைல் வாட்டர் என்று நினைத்து ஓர் ஆம்ப்யூலை எடுத்து உடைத்தேன். சிரிஞ்சில் உறிஞ்சப் போகும்போது அந்தப் பெண், "அக்கா, இதுல என்னமோ நிறைய எழுதியிருக்கே, தண்ணியில இவ்வளவு எழுத்து இருக்காதே" என்றாள்.

வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் படித்தேன். பொட்டாசியம் குளோரைடு. பத்து மில்லி. அதே உயரம், அதே கண்ணாடி, அதே நிறமற்ற திரவம். பாட்டிலில் நன்றாகக் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய மருந்து அது. அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அந்தப் பெண்ணின் மாமியாரும் கைக்குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் அடுத்து நான் செய்த காரியத்தைத்தான் இன்று சொல்ல வந்தேன். அந்த மாணவிக்கு நான் நன்றி சொல்லவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றேன். உடைந்த ஆம்ப்யூலைக் காகிதத்தில் சுற்றிப் போட்டுவிட்டு, எங்கள் தளத்து டப்பாவிலிருந்த பொட்டாசியத்தை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்தேன். மேல்மாடியிலும் அதே மாதிரி ஒரு டப்பா இருந்தது. அங்கே போய்ச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே!

1998-இல் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஆபத்து எச்சரிக்கைகளை வெளியிட ஆரம்பித்தபோது, முதல் எச்சரிக்கையே இந்தப் பொட்டாசியம் குளோரைடு பற்றித்தான். அதைப் பின்னாளில் படித்தபோது, பிஸ்கட் டப்பா எங்கள் ஊரில் மட்டும் இல்லை என்று புரிந்தது. அடர்த்தியான பொட்டாசியத்தைப் பொது வார்டு அலமாரியில் வைக்கவே கூடாது என்பதே அதன் பாடம். வைத்தே தீர வேண்டிய இடத்தில் தனிப் பெட்டி, சிவப்பு லேபிள், பூட்டு. எடுக்கும்போது இரண்டு பேர் படித்துப் பார்ப்பது. எந்த ஆம்ப்யூலையும் அதன் அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பேரும் தேதியும் அந்தப் பெட்டியோடு போய்விடும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். நம் வார்டு ஃபிரிட்ஜில் என்னென்ன இருக்கும்? டாக்டரின் இளநீர், யாரோ வைத்த தயிர்சாதம், டியூட்டி முடிந்து தலையில் வைக்க மல்லிகைப்பூ, நடுவில் இன்சுலின். பூ எடுக்க ஒரு தடவை, தண்ணீர் எடுக்க ஒரு தடவை என்று கதவைத் திறந்துகொண்டே இருந்தால் உள்ளே குளிர் எப்படி நிற்கும்? இன்சுலின், ஆக்ஸிடோசின், தடுப்பூசி இவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூடு மட்டும்தான் எதிரி என்று நினைக்கிறோம், உறைவதும் எதிரிதான். பின்சுவரை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்துபோனால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் அப்படியே. கதவுத் தட்டிலும் வைக்காதீர்கள், அங்கே வெப்பம் ஏறி இறங்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசின் வெப்பத்தில் வீரியம் குறைந்திருந்தால், அது வெளியில் தெரியாது. தாய்க்கு ரத்தம் நிற்காதபோதுதான் தெரியும். ஆகவே உள்ளே ஒரு தெர்மாமீட்டர், வெளியே ஒரு சார்ட், காலையும் மாலையும் ஒரு கையெழுத்து. பூவுக்கு வேறு இடம் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச் சரக்கு வந்தால் முன்னால் அடுக்காதீர்கள்; எது முதலில் காலாவதியாகிறதோ அது முன்னால் இருக்கட்டும். திறந்த இன்சுலின் குப்பியில் திறந்த தேதியை எழுதுங்கள், பொதுவாக 28 நாள்தான் கணக்கு. ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்துவிட்டது என்றால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். பொட்டலம் நனைந்தாலோ கிழிந்தாலோ அது ஸ்டெரைல் இல்லை. தரையில் அடுக்கவும் வேண்டாம். ஆக்ஸிஜன் சிலிண்டருக்குக் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். சங்கிலி போட்டு நிறுத்தி, நிறைந்தது, காலி என்று அட்டை தொங்கவிடுங்கள். வால்வு இறுகினாலும் எண்ணெய் தொடக்கூடாது, தீப்பிடிக்கும். சாவி அதே சிலிண்டரிலேயே தொங்கட்டும். மூச்சு முட்டும் நோயாளியை வைத்துக்கொண்டு நான் சாவி தேடியிருக்கிறேன். மார்ஃபினுக்கு இரட்டைப் பூட்டு, மிச்சத்தைக் கொட்டினாலும் இரண்டு கையெழுத்து. ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கூர்மையானவை துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போகட்டும்.

தோழிகளே, இதெல்லாம் நமக்குத் தெரியாததா? முதலாண்டிலேயே படித்தோம், பரீட்சையும் எழுதினோம். தெரிந்திருந்தும் அந்த டப்பா அங்கே இருந்தது. எங்களில் யாருக்குமே முன்னால் கை தவறியதில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. என்னைப் போலவே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று நம்மில் பலர் சூப்பிரண்டண்ட், சிலர் சொந்தமாக நர்சிங் ஹோமே நடத்துகிறீர்கள். உங்களிடம் ஒரு சின்னப் பெண் வந்து, "சிஸ்டர், நான் மருந்தை மாத்தி எடுத்துட்டேன், நல்லவேளை போடல" என்று சொன்னால் மெமோ கொடுக்காதீர்கள். உட்கார வைத்து, அந்த மருந்து எங்கே இருந்தது என்று கேளுங்கள். எழுந்து போய் எல்லா மாடியிலும் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.

டார்ச் பிடித்த அந்தத் தங்கை இப்போது எங்கே இருக்கிறாளோ, எனக்குத் தெரியாது. இந்த மலர் அவள் கைக்கும் கிடைக்கலாம் என்ற ஆசையில்தான் இதை அச்சேற்றச் சம்மதித்தேன். அம்மா, அன்று சொல்ல வேண்டிய நன்றியை இன்று சொல்கிறேன். நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.