ஒரே நாளில் வராத அடைப்பு



இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்பவை கரோனரி தமனிகள். அவற்றின் பெரிய கிளைகளுக்கே உள்விட்டம் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். அந்த விட்டம் 70 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துவிட்டால் மருத்துவர்கள் அதைக் கடுமையான அடைப்பு என்கிறார்கள். இடப்பக்கக் கிளைகள் பிரியும் தாய்க்குழாயில் மட்டும் 50 விழுக்காடே அந்த எல்லை. எழுபது போனாலும் முப்பது மிஞ்சுகிறதே என்று ஆறுதல் கொள்ள இங்கே இடமில்லை. விட்டம் 30 விழுக்காடாகச் சுருங்கும்போது, ரத்தம் பாயும் பரப்பு வட்டக் கணக்கின்படி 9 விழுக்காடாகிவிடுகிறது. அப்போதும், உடல் ஓய்வில் இருக்கும்வரை இதயத்தின் நுண்குழாய்கள் விரிந்துகொடுத்துக் குறையை ஈடுகட்டிவிடுவதால் நோயாளி பெரும்பாலும் ஒன்றும் உணர்வதில்லை. மாடிப்படி ஏறும்போதுதான் நெஞ்சு இறுகுகிறது.

அந்த இறுக்கத்துக்குப் பல பத்தாண்டு வரலாறு உண்டு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து தங்க, அவற்றை விழுங்க வந்த வெள்ளணுக்களும் அங்கேயே சிக்கிக்கொள்ள, மேலே நார்த்திசுவும் சுண்ணாம்பும் சேர்ந்து கொழுப்புப் படிவு வளர்கிறது.

இப்படிவை வளர்ப்பவை எவை என்பதைக் கண்டறிய, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூரான பிராமிங்காமில் 1948-இல் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு, உயர் ரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவற்றை அடையாளம் காட்டி, ஆபத்துக் காரணி என்ற சொல்லையே மருத்துவ வழக்கில் நிலைநாட்டியது. பின்னர் 52 நாடுகளில் நடந்து, 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பெரும்பகுதியை ஒன்பது காரணிகளே விளக்கிவிடுகின்றன என்று காட்டியது: கொழுப்புச் சமநிலைக் கேடு, புகை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் சார்ந்த வேறுபாடு என்பனவே அவை. அதே ஆய்வின் தரவுகளில், தெற்காசியர்கள் முதல் மாரடைப்புக்கு ஆளாகும் சராசரி வயது 53; பிற நாட்டவருக்கோ ஏறத்தாழ 59.

அந்த ஒன்பது காரணிகளுள் தனித்து எண்ணத்தக்கது சர்க்கரை நோய். அது ஒரே இடத்தில் குறுக்கத்தை உண்டாக்குவதோடு நில்லாமல், பல தமனிகளை அவற்றின் நீளவாக்கிலும் பாதிக்கிறது; நரம்புகளையும் மழுங்கச் செய்வதால், எச்சரிக்கை மணியான நெஞ்சுவலியே சிலருக்கு வராமல் போகிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிவதை விரைவுபடுத்துகிறது. வயது, குடும்ப வரலாறு, பிறவியிலேயே மிகுந்திருக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ என்னும் கொழுப்புத் துகள் ஆகியவற்றை மாற்ற இயலாது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் ஆபத்து ஏறுகிறது. காரணிகள் ஒன்றோடொன்று கூடும்போது ஆபத்து கூட்டல் கணக்காக அன்றிப் பெருக்கல் கணக்காகவே வளர்வதால், மாற்ற இயலாதவை உள்ளவர்களுக்கு மாற்ற இயன்றவற்றைக் குறைப்பது இருமடங்கு கடமையாகிறது.

1977-இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனைக் கொண்டு அடைப்பை விரித்துக் காட்டிய நாள்முதல் சிகிச்சை வெகுதூரம் வந்துவிட்டது. எனினும் இன்று தமனிக்குள் வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் திறப்பது குறுகிய ஓரிடத்தை. நோய் குடியிருப்பதோ தமனி நெடுகிலும். பாதிக்கும் குறைவாகவே அடைத்திருந்த படிவும் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து மாரடைப்பை உண்டாக்குவது உண்டு என்பதால், ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி மருந்து எதற்கு என்று கருதுவது பெரும்பிழை.

ஆகவே இதய நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வேண்டுகோள் இதுவே: ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்.டி.எல். ஆகிய மூன்றின் அளவையும் வீட்டுக் கணக்கைப் போல எழுதிவையுங்கள். புகையை இன்றே விடுங்கள். மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.