நண்டின் ஓடு உறையா, உறுப்பா?

ஓட்டுடலிகளின் உடலமைப்பைப் பாடமாகச் சொல்லும்போது ஓட்டைக் கவசம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு, உள்ளுறுப்புகளுக்குத் தாவிவிடுவது வழக்கமாகிவிட்டது. பேச்சிலும் பாம்பு சட்டை உரிப்பதுபோல் நண்டு ஓட்டைக் கழற்றுகிறது என்கிறோம். கவசமும் சட்டையும் அணிபவை; கழற்றினாலும் அணிந்தவர் அப்படியே இருப்பார். நண்டு அப்படி இருப்பதில்லை. அதன் அசைவு, மூச்சு, செரிமானம், புலன் எல்லாவற்றிலும் ஓடு பங்கு பெறுகிறது. ஆகவே அதை உறை என்று ஒதுக்காமல் முதன்மை உறுப்பு என்றே கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

நண்டு விட்டுச்சென்ற ஓட்டையே முதல் சாட்சியாக அழைக்கலாம். அதைப் பிரித்துப் பார்த்தால் முதுகோடும் கால்களும் மட்டுமா இருக்கின்றன? கண்களின் மேற்படலம், செவுள்களைப் போர்த்தியிருந்த மெல்லிய சவ்வு, முன்குடலின் உட்பூச்சு, பின்குடலின் உட்பூச்சு அனைத்தும் அதில் இருக்கும். இரைப்பைக்குள் இரையை அரைக்கும் மூன்று பற்களும் அதோடு வந்துவிடும். அவையும் ஓட்டுப்பொருளால் ஆனவையே. (அட்லாண்டிக் கரையின் பேய் நண்டு இந்த வயிற்றுப் பற்களை உரசி எதிரியை மிரட்டும் ஓசை எழுப்புகிறது என்று 2019இல் கண்டறிந்தார்கள். வயிற்றால் உறுமும் விலங்கு வேறு எத்தனை இருக்கும்!) இறாலின் சமநிலை உறுப்பு இன்னும் வியப்பானது. சிறு உணர்கொம்பின் அடியில் உள்ள அந்தக் குழிக்குள் மணல்துகள்கள் கிடக்கும். ஓடு உரியும்போது குழியின் உட்பூச்சோடு அவையும் போய்விடும், இறால் புதுத்துகள்களை இட்டுக்கொள்ளும். 1893இல் வியன்னாவின் அலோயிஸ் கிரைடல், அப்போதுதான் ஓடு உரிந்த இறால்களுக்கு மணலுக்குப் பதில் இரும்புத்தூளைக் கொடுத்தார். மேலே காந்தத்தைக் காட்டியதும் அவை தலைகீழாகப் புரண்டன. மேல் எது, கீழ் எது என்னும் உணர்வே ஓட்டோடு உரிந்து, மீண்டும் அமைக்கப்படுகிறது.

அசைவிலோ ஓட்டின் பங்கு இதைவிட நுட்பமானது. வேகவைத்த நண்டின் கொடுக்கில் அசையும் விரலைப் பிடித்து இழுத்தால், சதைக்கு நடுவிலிருந்து தட்டையான ஒரு தகடு உருவிக்கொண்டு வரும். எலும்பென்று நாம் ஒதுக்கிவைக்கும் அது, உள்நோக்கி மடிந்து வளர்ந்த ஓடுதான். கொடுக்கின் சுவரிலிருந்து இந்தத் தகட்டுக்குத் தசைநார்கள் இறகின் இழைகளைப்போல் சாய்வாக ஓடுகின்றன. தசை சுருங்கினால் பருக்க வேண்டும். கல்லாய் இறுகிய பெட்டிக்குள் பருக்க இடமேது? சாய்ந்த நார்கள் சுருங்கும்போது சாய்கோணம் விரிந்து, அந்த இடநெருக்கடி தீர்கிறது. குறுகிய இடத்தில் நிறைய நார்கள் அடங்குவதால் பிடியின் வலுவும் கூடுகிறது. காலின் ஒவ்வொரு மூட்டும் கதவுக்கீல்போல் ஒரே தளத்தில் மட்டும் திரும்புகிறது. பக்கவாட்டில் மடங்கி நிமிரும் மூட்டுகளே நடையில் பெரும்பங்கு வகிப்பதால்தான் நண்டு பக்கவாட்டில் ஓடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உரித்தவுடன் நண்டு கூழாய் இருக்கிறது, ஆனாலும் நகர்கிறது; ஓடு அத்தனை இன்றியமையாததா என்று கேட்கலாம். அமெரிக்க நீல நண்டில் டெய்லர், கியர் என்னும் ஆய்வாளர்கள் 2003இல் இதற்கு விடை கண்டனர். மென்மையான நிலையில் கொடுக்கின் விசை கூடக்கூட உள்ளே நீர்மத்தின் அழுத்தமும் கூடியது. இறுகிய நண்டில் அப்படி ஒரு தொடர்பு இல்லை. காற்றடைத்த டயரைப்போல் அழுத்தமே சட்டகமாகிவிடுகிறது. ஆனால் அழுத்தத்தைத் தாங்கி விறைக்க ஒரு தோல் வேண்டுமல்லவா? அந்தத் தோல், பழைய ஓட்டின் அடியில் முன்பே உருவாகியிருந்த புது ஓடு. ஓடு வேலையை விடவில்லை, வேலைமுறையை மாற்றிக்கொள்கிறது. பூச்சிகளும் இப்படித்தானே உரிக்கின்றன, நண்டுக்கென்ன தனிச்சிறப்பு என்பது இன்னொரு மறுப்பு. தனிச்சிறப்பு என்று நான் சொல்லவில்லை; அந்த ஒப்புமை என் வாதத்துக்குத் துணைதான்.

இதை ஏற்றால் நம் ஆய்வுப் பழக்கம் ஒன்று மாறியாக வேண்டும். பருத்த கொடுக்குத் தசையைக் குறுகிய மூட்டு வழியே உருவியெடுக்க வேண்டியிருப்பதால், உரிப்பு நெருங்கும்போது அத்தசை மெலிந்துவிடுகிறது. நில நண்டுகளில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. வெளியே அதே கொடுக்கு, அதே நீளம், அதே அகலம். உள்ளே இருப்பதோ வேறு தசை. உரித்த பின்னரும் ஓடு பெரிதாகி, சதை நிரம்பும்வரை நீரே இடத்தை அடைத்திருக்கும். பியேர் டிராக் 1939இலேயே உரிப்புச் சுழற்சியைக் கட்டங்களாக வகுத்துத் தந்துவிட்டார். ஆகவே நண்டின் எடையையோ பிடிவிசையையோ அட்டவணையிட்டு இந்த அரங்கில் படிக்கவிருப்போர், ஒவ்வொரு நண்டும் எந்தக் கட்டத்தில் அளக்கப்பட்டது என்பதற்கு ஒரு பத்தியை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இல்லாத அட்டவணையைப் பார்த்தால், எனது முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.